வாசலில் நிற்பவர் யார்?

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்தபின், அன்பர்கள் சிலர் காப்பிக் கோப்பையும் கையுமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஊர் நிலவரத்தில் தொடங்கி, வீட்டு வாடகையைத் தொட்டு, கடைசியில் பாலாப்பூர்ப் பக்கம் திரும்பிற்று. நம் ஐதராபாத்தின் தென்புறத்தே பாலாப்பூர், ஹஃபீஸ் பாபா நகர் முதலிய இடங்களில், பர்மாவின் அரக்கான் பகுதியிலிருந்து வந்த ரோஹிங்கியா மக்கள் சில ஆயிரம் பேர் குடியிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். தார்ப்பாய்க் குடிசைகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும் அவர்கள் வாழ்கிறார்கள். ஆடவர் பலர் கூலி வேலைக்கும், பழைய தாளும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்கும் வேலைக்கும் போகிறார்கள்.

"இவர்கள் அனைவரையும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். நம் தேசம் என்ன, தரும சத்திரமா?" என்றார் ஓர் அன்பர். "துன்பப்பட்டு வந்தவரைத் துரத்துவதா? வந்தவர் எல்லாருக்கும் இடம் தருவதன்றோ நம் பண்பு!" என்றார் மற்றொருவர். இருவரும் நல்லவர்கள், இருவரும் மனமறிந்து பேசினார்கள். அரைமணி நேரம் வாதம் நடந்தது.

அப்பொழுது மூன்றாமவர் ஒருவர் மெல்ல ஒன்று சொன்னார். 'இந்தியா தரும சத்திரம் அன்று' என்னும் சொல், 2025ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவர் விசாரணையின்போது கூறியது. அது ரோஹிங்கியரைப் பற்றிக் கூறியதன்று. இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் கூறியது. சட்டவிரோதச் செயல் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தண்டனை பெற்ற அவர், தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற உத்தரவுக்கு எதிராக மன்றாடினார். இலங்கைக்குத் திரும்பினால் தம் உயிருக்கு ஆபத்து என்பது அவர் கூற்று. நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

இதைக் கேட்டதும் முதலில் பேசிய அன்பர் சற்று மௌனமானார். அந்த மௌனமே இம்மாதம் என்னை இதனை எழுதத் தூண்டிற்று. எல்லாரையும் அனுப்பு என்பதும், எல்லாரையும் வைத்துக்கொள் என்பதும் எளிய விடைகள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி நிற்கிறது: வாசலில் நிற்பவர் உண்மையில் யார், எதற்கு அஞ்சி வந்தார் என்பதை எவர், எம்முறையில் விசாரித்து முடிவு செய்வது? உலகம் எழுபது ஆண்டுகளாக இக்கேள்வியோடு போராடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். ஊரை விட்டு வந்தவர் எல்லாரும் அகதிகள் அல்லர். நாம் வந்தது பிழைப்பைத் தேடி. விரும்பினால் நாளைக் காலை ரயிலேறி ஊர் திரும்பலாம். நாம் குடிபெயர்ந்தவர்கள். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அவ்வாறு வந்தவர்களும், பர்மாவில் நே வின் ஆட்சி கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கியபின் கப்பலேறி வந்து சென்னையில் பர்மா பஜாரை உண்டாக்கியவர்களும் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். துன்பம் பெரிதாயினும், அவர்களை எங்கள் பிரஜைகள் என்று ஏற்க ஓர் அரசாங்கம் இருந்தது.

அகதியின் நிலை வேறு. அவனுடைய அரசாங்கமே அவனைத் துன்புறுத்துகிறது. அல்லது துன்புறுத்துவோரிடமிருந்து அவனைக் காக்க மறுக்கிறது. 1951ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் உடன்படிக்கை இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. இனம், மதம், தேசிய இனம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவனும், அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவனுமே அகதி. முதலில் இவ்வுடன்படிக்கை 1951 ஜனவரிக்கு முன் நிகழ்ந்தவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. 1967ஆம் ஆண்டின் இணைப்பு ஒப்பந்தம் அக்கால வரம்பை நீக்கிற்று.

இவ்விலக்கணத்தில் பசி இல்லை, பஞ்சம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல், இலங்கையின் பொருளாதாரச் சீர்குலைவால் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியின்றிக் குடும்பங்கள் படகேறி, தனுஷ்கோடி அரிச்சல்முனை மணல் திட்டுகளில் வந்து இறங்கின. முதலில் வந்தவர்கள் கைதாகிச் சிறைக்கும் சென்றார்கள். பின்னர் மண்டபம் முகாமில் இடம் பெற்றார்கள். ஆயினும் முன்னர்ப் போருக்கு அஞ்சி வந்தவர்க்குக் கிடைத்த அகதிப் பதிவு இவர்களுக்கு உடனே கிட்டவில்லை. பசியால் வந்தவர் வேறு, பயத்தால் வந்தவர் வேறு என்று சட்டம் கோடு கிழிக்கிறது. வாழ்க்கையிலோ பசியும் பயமும் பெரும்பாலும் ஒரே படகில் வருகின்றன. விசாரணையின் கடினம் இங்கேதான் தொடங்குகிறது.

இனி, விசாரணை எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ 1967ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலோ கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. இலங்கைத் தமிழரையும் திபெத்தியரையும் அரசாங்கமே நேராகப் பார்த்துக்கொண்டது. பர்மா, ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வருவோரின் மனுக்களைப் புது தில்லியிலுள்ள ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் விசாரித்து வந்திருக்கிறது.

முதற்படி பதிவு. குடும்பத்தில் உள்ளோர் ஒவ்வொருவரின் பெயர், வயது, பிறந்த ஊர், வந்த வழி எல்லாம் குறித்துக்கொள்ளப்படும். மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு தாள் தரப்படும். இந்நிலையில் அவர் புகலிடம் கோருபவர் மட்டுமே. அடுத்தது நேர்காணல். அதிகாரி ஒருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மனுதாரர் ஒருவர் ஆகிய மூவர் மட்டும் ஓர் அறையில் அமர்வார்கள். கணவன் முன்னிலையில் மனைவியும், தந்தை முன்னிலையில் வளர்ந்த மகனும் சொல்லத் தயங்குவன உண்டாதலால், வேண்டிய இடத்துத் தனித்தனியே கேட்பது வழக்கம். எந்தக் கிராமம்? அருகில் எந்த ஆறு? ஊர்த் தலைவர் யார்? என்ன நடந்தது, எந்த மாதம், யார் வந்தார்கள்? நாட்டின் வேறொரு பகுதிக்குப் போய்ப் பிழைத்திருக்க முடியாதா? திரும்பினால் என்ன நேரும் என்று அஞ்சுகிறீர்கள்? இக்கேள்விகள் மணிக்கணக்கில் நீளும்.

விடைகளை அதிகாரி இரண்டோடு ஒப்பிடுவார். ஒன்று, சொன்னது தன்னளவில் முரணின்றி இருக்கிறதா என்பது. மற்றொன்று, அந்நாட்டின் அறியப்பட்ட நிலவரத்தோடு பொருந்துகிறதா என்பது. ரோஹிங்கியர் ஒருவர் மனுவில் அந்நிலவரம் வெளிப்படை. 1982ஆம் ஆண்டின் பர்மியக் குடியுரிமைச் சட்டம் அவர்களைத் தன் இனப் பட்டியலில் சேர்க்காமல் நாடற்றவர் ஆக்கிற்று. அவர்கள் கையில் இருந்த தற்காலிக வெள்ளை அட்டையும் 2015ஆம் ஆண்டு செல்லாததாயிற்று. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கைக்குப்பின் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை கடந்து வங்காள தேசத்துக்கு ஓடினார்கள். நம் நகரில் இருப்போரிற் பலர் அதற்கு முன்னரே, 2012ஆம் ஆண்டுக் கலவரங்களை ஒட்டி, வந்தவர்கள்.

முடிவு எழுத்து மூலம் தரப்படும். ஏற்கப்பட்டால் அகதி என்னும் அட்டை கிடைக்கும். மறுக்கப்பட்டால் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். முன்னர் விசாரித்தவர் அல்லாத வேறோர் அதிகாரி அதைப் பார்ப்பார். போர்க்குற்றம் செய்தவரும், அடைக்கலம் வருமுன் கொடிய குற்றம் புரிந்தவரும் அகதிப் பாதுகாப்புக்கு உரியர் அல்லர் என்று உடன்படிக்கையே விலக்கி வைத்திருக்கிறது. 'அகதி என்ற போர்வையில் குற்றவாளி நுழைந்தால் என்செய்வது?' என்று கேட்கும் அன்பர்களுக்கு, அதைத் தடுப்பதற்கும் இவ்விசாரணையே வழி என்பது விடை.

நேர்காணலில் மெய் சொல்பவரும் இடறி விழக் காரணங்கள் உண்டு. இரவோடிரவாக வீடு எரியக் கண்டு ஓடியவளுக்குத் தேதி நினைவிராது. முதல்முறை வெட்கத்தால் மறைத்ததை இரண்டாம் முறை சொன்னால் முரண் என்று தோன்றும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினும் பொருள் மாறும். நம் தமிழையே பாருங்கள்: யாழ்ப்பாணத்தார் ஒருவர் சொல்வதைச் சென்னைக்காரர் ஒருவர் அரைகுறையாக விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்தால் என்ன ஆகும்! இவற்றையெல்லாம் எண்ணியே, 1979ஆம் ஆண்டு உயர் ஆணையர் அலுவலகம் வெளியிட்ட கைந்நூல், உண்மையைக் கண்டறியும் பொறுப்பு மனுதாரர், அதிகாரி ஆகிய இருவருக்கும் பொது என்றது. மனுதாரர் தம்மால் இயன்றவரை சொல்லி, அது பொதுவில் நம்பத்தக்கதாயும் இருப்பின், எஞ்சிய ஐயத்தின் பயனை அவருக்கே அளிக்க வேண்டும் என்றும் கூறிற்று. தப்பி ஓடுகிறவன் சான்றுப் பத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு ஓடுவதில்லை.

அந்நூல் கூறும் இன்னொரு கருத்து என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஒருவர் அட்டை கிடைத்ததனால் அகதி ஆவதில்லை. அகதியாக இருப்பதனாலேயே அட்டை கிடைக்கிறது. விசாரணை அந்நிலையை உண்டாக்குவதன்று. உள்ளதை உள்ளபடி அறிவிப்பது மட்டுமே.

இதெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடித்த முறை என்று எண்ண வேண்டா. கம்பராமாயணத்து வீடணன் அடைக்கலப் படலத்தை நினைவு கூருங்கள். பகைவனின் தம்பி கடற்கரையில் வந்து அடைக்கலம் என்று நிற்கிறான். இராமன் உடனே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. துணைவரின் கருத்தைக் கேட்கிறான். சுக்கிரீவன் முதலியோர் ஏற்கலாகாது என்கிறார்கள். போர் மூளும் வேளையில் உடன்பிறந்தவனை விட்டு வருபவனை எவ்வாறு நம்புவது என்பது அவர்கள் வாதம். அவ்வையம் நியாயமானதே. பின்னர் அனுமன் பேசுகிறான். அவன் இலங்கைக்குச் சென்று வந்தவன். இராவணன் சபையில் தூதனைக் கொல்லலாகாது என்று வீடணன் வாதாடியதை நேரில் கண்டவன். வந்தவன் கையில் சான்று இல்லை. அவன் நாட்டு நிலவரத்தை அறிந்த ஒருவன் இருந்தான். அவன் சொல்லுக்குச் செவி கொடுத்த ஒரு சபையும் இருந்தது. பயனற்றுப் போகாத விசாரணைக்கு வேண்டியவை இவ்விரண்டே. இராமன் அடைக்கலம் வந்தவன் எவனாயினும் ஏற்பதே அறம் என்ற எல்லைவரை சென்றான். இக்காலச் சட்டம் அவ்வளவு தூரம் போவதில்லை. கேளாமல் தள்ளாதே என்ற அளவோடு நிற்கிறது.

கேட்டும் தவறு நேர்வதுண்டு. அதற்கு நம் தமிழர் வழக்கு ஒன்றே சான்று. 1987ஆம் ஆண்டு, இலங்கையிலிருந்து இங்கிலாந்து சென்று புகலிடம் கோரிய தமிழ் இளைஞர் சிலரின் மனுக்களை அந்நாட்டு உள்துறை நிராகரித்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. அகதிகள் உயர் ஆணையரும் அதில் தலையிட்டு, மனுதாரரின் அச்சம் அவர் நிலையில் நியாயமானதா என்று பார்த்தாற் போதும் என வாதிட்டார். பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. அச்சத்துக்குப் புறத்தே மெய்யான ஆபத்து இருத்தல் வேண்டும் என்று அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. 1988 பிப்ரவரியில் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பிய பின்னர் அவர்களிற் சிலர் பிடிபட்டு அடி உதைக்கும் ஆளானார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. அவர்களுடைய மேல்முறையீடு அவர்கள் இல்லாமலே இங்கிலாந்தில் நடந்தது. 1989ஆம் ஆண்டு, அவர்களுடைய அச்சம் ஆதாரமுள்ளதே, அவர்கள் புகலிடத்துக்கு உரியவர்களே என்று தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அவர்கள் மீண்டும் இங்கிலாந்து சேர்ந்தார்கள். ஆனால் 1991ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அனுப்பிய வேளையில் இருந்த செய்திகளைக் கொண்டு பார்த்தால் பிரிட்டன் தவறிழைத்ததாகக் கொள்வதற்கில்லை என்றது. அதே ஆட்களை, அதே அச்சத்தை, மூன்று சபைகள் மூன்று விதமாக நிறுத்துப் பார்த்தன. அந்த 1987ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், துன்புறுத்தப்படுவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அச்சம் ஆதாரமுள்ளதாகலாம் என்று கூறியிருந்தது. தராசு ஒன்றாக இருந்தும் எடைக்கற்கள் வேறுபட்டன. ஆதலால்தான், விமானத்தில் ஏற்றுவதற்கு முன் மேல்முறையீட்டைக் கேட்டு முடித்துவிடுதல் நல்லது.

நம் நாட்டில் நிலை என்ன? 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப்பின் இலங்கைத் தமிழர் படகு படகாக வந்தபொழுது, நம் அரசாங்கம் ஒவ்வொருவரையும் தனியறையில் அமர்த்தி விசாரிக்கவில்லை. ஆபத்து ஒரு கூட்டத்தார் அனைவர் தலைமேலும் வெளிப்படையாகத் தொங்கும்போது கூட்டமாகவே ஏற்றுக்கொள்வதும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறையே. மண்டபத்தில் பதிந்து, முகாம்களுக்கு அனுப்பி, உதவித்தொகையும் அரிசியும் பள்ளிக்கூடமும் அளித்தார்கள். 1992ஆம் ஆண்டு, திரும்பிச் செல்வோர் மனமார இசைந்துதான் செல்கிறார்களா என்பதைச் சரிபார்க்கும் பணி ஐக்கிய நாடுகள் உயர் ஆணையரின் சென்னை அலுவலகத்துக்கு வந்தது. போவதையும் கேட்டுச் செய்தார்கள் என்பது நினைக்கத்தக்கது.

நீதிமன்றங்களும் வழி காட்டியதுண்டு. 1996ஆம் ஆண்டு அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் வழக்கில், பிரஜை அல்லாதவர் உயிரையும் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2021 ஏப்ரலில், ஜம்முவில் தடுத்து வைக்கப்பட்ட ரோஹிங்கியர் வழக்கிலோ, உயிருரிமை எல்லார்க்கும் பொது, ஆனால் நாடு கடத்தப்படாதிருக்கும் உரிமை பிரஜைகளுக்கே உரியது என்று கூறி, உரிய நடைமுறையைப் பின்பற்றி அனுப்பலாம் என விட்டது.

அந்நடைமுறைதான் நம்மிடம் தெளிவாக இல்லை. 2011 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் வகுத்த விதிமுறை, துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவர் என்று கண்டால் நீண்டகால விசா தர இடம் வைத்தது. ஆனால் விதிமுறை சட்டம் ஆகாது. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அயல்நாட்டார் சட்டமும் அகதியைத் தனி இனமாகப் பிரித்து வகுக்கவில்லை. ஆயினும் அதன்கீழ் ஒரு விலக்கு ஆணை பிறந்தது. 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டும் விசாவும் இன்மைக்காகத் தண்டனை இல்லை என்பது அது. நாற்பதாண்டு முகாமில் வாழ்ந்தவர்க்கு அது நிம்மதி. ஆனால் அது குடியுரிமை அன்று. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளையே குறித்தது. இலங்கை அதில் இல்லை.

இவ்வாறு நம் நாட்டில் ஒருவர் அகதியா அல்லரா என்பது, அவர் எந்த நாட்டிலிருந்து வந்தார், எந்த ஆண்டு வந்தார், எந்த அலுவலகத்தின் வாசலில் நின்றார் என்பவற்றைப் பொறுத்திருக்கிறது. பாலாப்பூரில் உள்ளவர் கையிலிருக்கும் அட்டை ஐக்கிய நாடுகள் அதிகாரி மணிக்கணக்கில் விசாரித்துக் கொடுத்தது. ஆயினும் அதற்கு இந்நாட்டுச் சட்டத்தில் உறுதியான இடம் இல்லை. விசாரணை நடந்தும், விடைக்கு மதிப்பு இல்லாமற் போகிறது. சத்திரம் அன்று என்றே வைத்துக்கொள்வோம். சத்திரம் அல்லாத வீட்டுக்கும் ஒரு திண்ணை உண்டு. திண்ணையில் உட்கார்த்தி, நீர் யார், எங்கிருந்து வருகிறீர் என்று கேட்கும் வழக்கமும் உண்டு. கேட்டபின் இல்லை என்று சொல்வது வேறு. கேளாமலே கதவடைப்பது வேறு. எல்லாருக்கும் பொதுவான, மேல்முறையீட்டோடு கூடிய ஒரு விசாரணைச் சட்டம் வேண்டும் என்று நாம் கோருவது, வந்தவர் எல்லாரையும் வைத்துக்கொள் என்பதற்குச் சமமாகாது. உண்மை அகதி யார், அல்லாதார் யார் என்று பிரித்தறிய விரும்பும் முதல் அன்பரும் அச்சட்டத்தையே விரும்ப வேண்டும்.

நம்மால் ஆவது சிறிது. வழக்கு மன்றமும் சட்டசபையும் நம் கையில் இல்லை. ஆனால் நாம் வழங்கும் சொற்கள் நம் கையில் உள்ளன. விசாரியாமல் ஒருவரை அகதி என்று புகழவும் வேண்டா. ஊடுருவி என்று இகழவும் வேண்டா. இந்நகரில் வீடு தேடியபொழுது, 'நீங்கள் எந்த ஊர், என்ன மொழி, யார் சிபாரிசு?' என்று கேட்ட வீட்டுக்காரரை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். அவர் கேட்டார், நாம் விடை சொன்னோம், அவர் நம்பினார். நம்மிடம் காட்டத் தாள்களும் இருந்தன.

கூட்டம் கலைந்து போகும்பொழுது அந்த முதல் அன்பர் என்னருகே வந்து, "அந்த இலங்கைத் தமிழரை, திரும்பினால் என்ன நேரும் என்று யாராவது உட்கார வைத்துக் கேட்டிருப்பார்களா?" என்று வினவினார். இந்தக் கேள்வியைப் பாலாப்பூர்க்காரரைக் குறித்தும் அவர் ஒருநாள் கேட்பார் என்று நம்புகிறேன்.